ஒன்பது பில்லியனும் ஒரு வாழையிலைக் கடையும்: பட்ஜெட் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மலேசிய நாடாளுமன்றத்தில் பட்ஜெட் உரை தொடங்கும். ஆறரை மணிக்கெல்லாம் என் கைப்பேசி சூடாகிவிடும். தமிழ்ப் பத்திரிகைகளில் இருபத்தைந்து வருஷம் பட்ஜெட் செய்தி எழுதியவன் நான். இப்போது இணையத்தில் எழுதும் பிள்ளைகள், "ஐயா, போடுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்" என்று புலனத்தில் அனுப்புவார்கள். 2025இல் அது அக்டோபர் 10ஆம் தேதி வந்தது. செந்தூலில் வழக்கமாக உட்காரும் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் மூன்று செய்திகள் வந்து விழுந்தன.

ஒரு தம்பி '470 பில்லியன் வெள்ளி பட்ஜெட்' என்று தலைப்பு வைத்திருந்தார் (வெள்ளி என்றால் ரிங்கிட்). பட்டர்வொர்த்திலிருந்து எழுதும் ஒரு தங்கை, பினாங்கு எல்ஆர்டி ரயில் தடத்தின் மொத்தச் செலவையும் அந்த ஆண்டே பினாங்குக்குக் கிடைத்த காசாக எழுதியிருந்தார். மூன்றாமவர் பில்லியனைக் கோடியாக்கும்போது ஒரு சுழியத்தைத் தொலைத்திருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. மூன்றையும் நானே செய்திருக்கிறேன். இரண்டாவதைச் செய்து ஒரு மனிதரின் சேமிப்பையே கரைத்திருக்கிறேன்.

அமைச்சரின் பட்டத்தைத் தப்பாகப் போடுவது, தேதியை மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அதெல்லாம் இரண்டு தரம் திட்டு வாங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

சுழியம்

ஒரு பில்லியன், நூறு கோடி. எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

470ஆ, 419ஆ?

உரையில் இரண்டு எண்ணும் வந்தன. கூட்டரசு அரசாங்கம் 2026இல் தன் கணக்கிலிருந்து செலவழிக்கப் போவதாகச் சொன்னது 419.2 பில்லியன் வெள்ளி. அதன் மேல் அரசாங்கம் சார்ந்த முதலீட்டு நிறுவனங்கள் போடும் 30 பில்லியன், சட்டபூர்வ அமைப்புகளும் நிதியமைச்சின் நிறுவனங்களும் போடும் 10.8 பில்லியன், அரசாங்கமும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டங்களுக்கான 10 பில்லியன் ஆகியவற்றை ஏற்றினால் 470 வரும்.

நாடாளுமன்றத்தின் முன் வருவது 419.2 கணக்கு. முதலீட்டு நிறுவனம் போடும் காசை அதன் இயக்குநர்கள் முடிவு செய்வார்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் தள்ளியும் வைப்பார்கள். நம் வீட்டுச் செலவுப் புத்தகத்தில் மச்சான் கட்டப் போகும் வீட்டையும் சேர்த்து எழுதிக்கொள்வது மாதிரிதான் இது. மச்சான் நல்லவர்தான், கட்டவும் கட்டுவார். ஆனால் அந்தக் காசு நம் பையில் இல்லை.

இதில் இன்னொரு வலையும் இருக்கிறது. அந்தத் தம்பி, போன ஆண்டின் 421ஐப் பக்கத்தில் வைத்து '49 பில்லியன் உயர்வு' என்று எழுதியிருந்தார். 421 அரசாங்கக் கணக்கு மட்டும். அதோடு ஒப்பிட வேண்டியது 419.2. அதாவது உயரவில்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஒரே செய்தியில் தலைப்பும் தப்பு, திசையும் தப்பு.

அறிவிப்பைக் காசாக எண்ணுவது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

2014 அக்டோபர் 10. மறுஆண்டுக்கான பட்ஜெட் உரை. பண்டார் உத்தாமாவிலிருந்து ஷா ஆலாம் வழியாகக் கிள்ளானுக்கு மூன்றாவது எல்ஆர்டி தடம் போடப்படும், செலவு 9 பில்லியன் வெள்ளி என்று அறிவிப்பு வந்தது. கிள்ளானில் நம் வாசகர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். முதல் பக்கத்தை என்னிடம் கொடுத்தார்கள். 'கிள்ளானுக்கு 9 பில்லியன் ஒதுக்கீடு!' என்று போட்டேன். ஆச்சரியக்குறிகூட என்னுடையதுதான். அடுத்த ஆண்டு தடத்தின் வரைபடம் வெளியானதும், எந்த ஊரில் எந்த நிலையம் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன். கிள்ளான் பண்டார் போத்தானிக்கில் ஒரு நிலையம் வருகிறது, 2020இல் ரயில் ஓடும் என்று, முருகன் கோயில் தேர் இத்தனை மணிக்குப் புறப்படும் என்று எழுதுகிற தைரியத்தில் எழுதினேன்.

என் மனைவியின் தாய்மாமன் அப்போது 55 வயது முடிந்து சேமநிதிப் பணத்தை எடுத்திருந்தார். பல வருஷமாகத் தொழிற்சாலை கேண்டீனில் சமையல் செய்தவர். சொந்தமாக ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை போட வேண்டும் என்று ஆசை. 2016இல் பண்டார் போத்தானிக்கில் ஒரு கடை வீட்டை வாடகைக்கு எடுத்தார். பக்கத்து வட்டாரத்தைவிட வாடகை அதிகம். கேட்டதற்கு, "நிலையம் வருதுல்ல" என்றாராம் கடைக்காரர். மூன்று மாத முன்பணம், புகைபோக்கி, தரைக்கு ஓடு, கண்ணாடி போட்ட கறிப் பெட்டி எல்லாம் சேமநிதியிலிருந்து போயிற்று. திறப்பு விழாவுக்குப் போனபோது கல்லாப்பெட்டிக்கு மேலே என் கட்டுரை லேமினேட் செய்து மாட்டியிருந்தது. லட்சுமி படத்துக்குப் பக்கத்தில். பண்டார் போத்தானிக் என்ற பெயரைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். "எல்லாம் மாப்ளே எழுதுனதுதான்" என்று வந்தவர்களிடம் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2018 ஜூலையில் புதிய அரசாங்கத்தின் நிதியமைச்சு கணக்கை எடுத்து வெளியே போட்டது. 9 பில்லியன் என்று நான் எழுதிய திட்டத்தின் இறுதிச் செலவு 31.65 பில்லியனுக்குப் போயிருந்தது. அதை 16.63 பில்லியனுக்குக் குறைக்க என்ன செய்தார்கள்? ஆறு பெட்டி ரயில்கள் 42 வாங்குவதாக இருந்ததை, மூன்று பெட்டி ரயில்கள் 22 என்று ஆக்கினார்கள். ஐந்து நிலையங்களை எடுத்துவிட்டார்கள். அந்த ஐந்தில் ஒன்று பண்டார் போத்தானிக்.

மாமா அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்துப் பார்த்தார். 2019 தீபாவளி முடிந்ததும் கடையைப் பூட்டினார்.

சரி, நான் எங்கே தவறினேன்? அரசாங்கம் சொன்னதைத்தானே எழுதினேன் என்று ரொம்ப நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது ஓடாது. அன்று உரையில் 'ஒதுக்கீடு' என்ற சொல் அந்த 9 பில்லியனுக்கு இல்லை. நானாகப் போட்டது அது. மதிப்பீட்டுச் செலவு ஒன்று, ஒதுக்கீடு வேறொன்று. மதிப்பீடு என்பது, இந்த வேலைக்கு ஏறக்குறைய இவ்வளவு ஆகும் என்ற கணிப்பு. ஒதுக்கீடு என்பது, இந்த வருஷம் இந்த வேலைக்கு இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி. ஒரு திட்டம் ஆறு ஏழு வருஷம் ஓடும். வருஷா வருஷம் ஒரு துண்டாகத்தான் காசு இறங்கும்.

கணிப்பிலும் பல வகை உண்டு. முதல் நாள் சொல்லும் எண்ணில் தூண், தண்டவாளம், நிலையம் இருக்கும். நிலம் எடுக்கும் செலவு, ஆலோசகர் சம்பளம், கட்டி முடிக்கும்வரை ஏறும் கடன் வட்டி ஆகியவை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 31.65 பில்லியன் கணக்கில் இவையெல்லாம் இருந்தன. அதனால் 9க்கும் 31.65க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுவதையும் 'விரயம்' என்று எழுதுவதும் தப்பு, 'எல்லாம் வட்டிதான்' என்று எழுதுவதும் தப்பு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் போடும்போது ஒவ்வொன்றிலும் என்னென்ன அடக்கம் என்று ஒரு வரி சேர்த்துப் போட வேண்டும். அந்த ஒரு வரிக்குத்தான் எடிட்டர்கள் இடம் தர மாட்டார்கள். சண்டை போட்டாவது வாங்குங்கள்.

இதைவிட முக்கியமான இன்னொன்று: யார் பையிலிருந்து? எல்ஆர்டி, எம்ஆர்டி மாதிரிப் பெரிய ரயில் திட்டங்களின் காசு பெரும்பாலும் பட்ஜெட்டின் மேம்பாட்டுக் கணக்கில் நேரடியாக இருக்காது. எம்ஆர்டிக்காக 2011இல் டானாஇன்ஃப்ரா என்று ஒரு நிறுவனத்தை அரசாங்கம் அமைத்தது. அது சந்தையில் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும். கட்டத் தவறினால் அரசாங்கம் கட்டும் என்று உத்தரவாதம். மூன்றாவது எல்ஆர்டிக்கு, ரயில்களை நடத்தும் அரசாங்க நிறுவனமான பிரசரானா அதே மாதிரி உத்தரவாதத்தோடு கடன் எடுத்தது. ஆக, 9 பில்லியன் 'ஒதுக்கீடு' என்று நான் எழுதிய நாளில் ஒதுக்கிய காசு என்று எதுவும் இல்லை. இனிமேல் ஒருவர் வாங்கப் போகும் கடன்தான் இருந்தது. கடனில் ஓடும் திட்டத்தை ஆட்சி மாறினால் நிறுத்தலாம், குறைக்கலாம், நீட்டலாம். அறிவிப்பு நாளிலேயே இந்த ஆபத்து அதற்குள் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, மாமாவுக்கும் காட்டவில்லை.

பட்ஜெட் நாளன்று உரைக்குப் பின்னால் ஒரு தடித்த புத்தகமும் வெளிவரும்: கூட்டரசின் செலவு மதிப்பீடு. உரை மேடைப் பேச்சு, இது கணக்குப் புத்தகம். மேம்பாட்டுப் பகுதியில் ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே மொத்த மதிப்பீடு ஒரு பத்தியில், வரும் ஆண்டுக்கான தொகை வேறொரு பத்தியில் இருக்கும். அந்த இரண்டாவது பத்தியைப் பாருங்கள். சில சமயம் 10 வெள்ளி என்று இருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குத் தலைப்பைத் திறந்து வைப்பதற்காகப் போடும் அடையாளத் தொகை அது. கல்யாணத்துக்குப் பாய் போட்டு இடம் பிடித்து வைப்பது மாதிரி; சாப்பாடு பிறகு வரலாம். முதல் தடவை அந்த 10 வெள்ளியைப் பார்த்தபோது, அதே திட்டத்தைப் பற்றி நான் எழுதிய பல மில்லியன் தலைப்பு ஞாபகத்துக்கு வந்து காது சூடாகிவிட்டது.

இப்போது பட்டர்வொர்த் தங்கையின் செய்திக்கு வருவோம். பினாங்கின் முத்தியாரா எல்ஆர்டி தடம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 2024இல் கூட்டரசு அரசாங்கம் அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. 2025 ஜனவரி 11ஆம் தேதி வேலை தொடங்கிவைக்கப்பட்டது. முதல் பகுதியின் கட்டுமானக் குத்தகை மட்டும் 8.31 பில்லியன் வெள்ளி. இது என் கிள்ளான் செய்தியைவிடப் பல படி முன்னேறிய நிலை. குத்தகை கையெழுத்தாகியிருக்கிறது, யார் கட்டுகிறார் என்று தெரியும். ஆனாலும் அது பினாங்கு மாநில அரசாங்கத்தின் கையில் கொடுத்த காசு இல்லை, ஒரே வருஷத்தில் இறங்கும் காசும் இல்லை. 2031 வரை வேலை ஓடும் என்பது திட்டம். "அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் கடை பார்க்கலாமா என்று யாராவது உன் செய்தியை வைத்துக் கேட்டால் என்ன சொல்வாய்?" என்று தங்கையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "மாத்திடுறேன் ஐயா" என்று வந்தது.

ரயில் தடத்தின் வரைபடத்தை மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். ஆட்சேபம் சொல்ல, கேள்வி கேட்க அந்த மூன்று மாதம். அந்தக் கட்டத்தில் வரைபடத்தில் இருக்கும் புள்ளி, புள்ளிதான். நிலம் கெஜட் ஆகிவிட்டதா, குத்தகை கையெழுத்தானதா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். அதற்கு முன்னால் 'வருகிறது' என்று எழுதாதீர்கள். 'திட்டமிடப்பட்டுள்ளது' என்று எழுதுங்கள். சப்பென்றுதான் இருக்கும். இருக்கட்டும்.

எடுத்த ஐந்து நிலையங்களையும் திரும்பக் கட்டப்போவதாக 2023 அக்டோபர் பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது, செலவு 4.7 பில்லியன் வெள்ளி. அன்று இரவு மாமா கூப்பிட்டார். "என்னா மாப்ளே, நெசமாவே வருதா?" குத்தகை கையெழுத்தாகட்டும் மாமா, சொல்கிறேன் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பி-யும் பி-யும்

நிர்வாகச் செலவுக்கான தலைப்புகள் மலாயில் 'பெக்காலான்', மேம்பாட்டுக்கானவை 'பெம்பாங்குனான்'. கணக்குப் புத்தகத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு ரோமன் எழுத்து: முதலாவதற்கு B, இரண்டாவதற்கு P. நம் தமிழிலோ இரண்டும் 'பி'. ஆரம்ப காலத்தில் நாடாளுமன்ற வளாகத்திலிருந்து போனில் நான் சொல்ல, அலுவலகத்தில் ஒருவர் தமிழில் எழுதிக்கொள்ள, ஓர் அமைச்சின் சம்பளக் கணக்கு முழுவதும் 'புதிய கட்டடங்களுக்கு' என்று அச்சாகிவிட்டது. மொழியைக் குறை சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், நடக்கவில்லை.

2026க்கான 419.2 பில்லியனில் நிர்வாகம் 338.2, மேம்பாடு 81. நூறு வெள்ளியில் எண்பது வெள்ளிக்கு மேல் நிர்வாகத்துக்குப் போய்விடும். அரசாங்க ஊழியர் சம்பளம் மட்டுமே 100 பில்லியனைத் தாண்டும். பழைய கடனுக்கான வட்டி 50 பில்லியனைத் தாண்டும். பென்ஷன் இருக்கிறது, எண்ணெய் மானியம் இருக்கிறது. இவற்றில் கை வைக்க எந்த அரசாங்கமும் யோசிக்கும். அதனால், வருமானம் குறைகிற வருஷத்தில் முதலில் கத்தரிப்பது மேம்பாட்டைத்தான். பாலத்துக்கு ஓட்டு இல்லை, பென்ஷனுக்கு இருக்கிறது.

'கல்விக்குத்தான் அதிக முன்னுரிமை' என்று எழுதுவது சுலபம். கல்வி அமைச்சுக்கு 2025இல் 64.1 பில்லியன் என்றார்கள். அதில் பெரும் பங்கு ஆசிரியர் சம்பளம். தேவையான செலவுதான், ஆனால் புது வகுப்பறை எத்தனை என்ற கேள்விக்கு அந்த எண் பதில் சொல்லாது. முன்னுரிமை எங்கே என்று தெரிய வேண்டுமானால் மேம்பாட்டுப் பகுதியை இரண்டு மூன்று வருஷத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025இல் 86 பில்லியன் இருந்தது, 2026இல் 81. பதின்மூன்றாவது மலேசியத் திட்டம் ஐந்து வருஷத்துக்கு 430 பில்லியன் மேம்பாட்டுச் செலவு என்கிறது; வகுத்தால் வருஷத்துக்கு 86. முதல் வருஷமே 81 என்றால் மீதியை எந்த வருஷத்தில் சேர்ப்பார்கள்? அந்தக் கேள்வியை அக்டோபர் 10ஆம் தேதி ஒரு தமிழ்ச் செய்தியிலாவது பார்க்க ஆசைப்பட்டேன்.

கடன்

எத்தனை பில்லியன் என்று எழுதிப் பயமுறுத்தாதீர்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் எத்தனை விழுக்காடு என்று எழுதுங்கள். 2023இல் நிறைவேறிய நிதிப் பொறுப்புச் சட்டம் கடனுக்கு 60 விழுக்காடு என்றும், அரசாங்க உத்தரவாதத்துக்கு 25 விழுக்காடு என்றும் உச்சவரம்பு வைக்கிறது. மேம்பாட்டுச் செலவு 3 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று அதே சட்டத்தில் ஒரு தரைவரம்பும் இருக்கிறது. அதை யாரும் எழுதுவதில்லை.

யாருடைய குழி?

ஒரு மழைக்காலத்தில், மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் விழுந்த குழியைப் படம் எடுத்துப் போட்டு, ஓர் இலாகாவை வறுத்தெடுத்து எழுதினேன். மறுநாள் அந்த இலாகாவிலிருந்து ஒரு பெண்மணி மிகவும் பொறுமையாகப் பேசினார். அந்தச் சாலை அவர்களுடையது இல்லை. குழிக்கு இருபது மீட்டர் தள்ளித்தான் அவர்கள் எல்லை தொடங்குகிறது. எங்கள் செய்தியைப் பார்த்துப் புகார் செய்தவர்கள் எல்லாரும் தப்பான வாசலில் நின்றிருக்கிறார்கள். குழி அப்படியே கிடந்தது.

கூட்டரசுச் சாலை பொதுப்பணி இலாகாவின் கணக்கு. மாநிலச் சாலைக்கு, பதிவேட்டில் இருக்கும் சாலைகளின் அடிப்படையில் கூட்டரசு மாநிலங்களுக்கு மானியம் தருகிறது. பதிவேட்டில் ஏறாத சாலைக்கு மானியம் இல்லை. டோல் சாலை குத்தகை நிறுவனத்தின் பொறுப்பு. கோலாலம்பூரில் உட்சாலைகள் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. அதற்குத் தனி பட்ஜெட், பெரும்பாலும் நாம் கட்டும் வீட்டு வரியிலிருந்து. கூட்டரசு பட்ஜெட்டைத் திட்டி எழுதினால் உங்கள் தெருவிளக்கு எரியாது.

திறப்பு விழாவோடு கதையை முடிப்பது

ரிப்பன் வெட்டும் படம் நன்றாக வரும். பத்து வருஷம் கழித்து சிக்னல் பெட்டியை மாற்றும் படத்தை யாரும் எடுப்பதில்லை.

2022 நவம்பரில் கிளானா ஜெயா எல்ஆர்டி தடத்தில் பதினாறு நிலையங்களைப் பல நாள் மூட வேண்டி வந்தது. காரணம், ரயிலை ஓட்டும் தானியங்கி முறையில் கோளாறு. அந்தத் தடம் 1998இலிருந்து ஓடுகிறது. பினாங்கில் பழைய படகுகளில் கார் ஏற்றுவது 2020 கடைசியோடு நின்றது. புதுப் படகுகள் வந்தது 2023 ஆகஸ்டில். அதிலும் கார் ஏறாது. ஆளும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். பழையது ஓய்வதற்குள் புதியது வந்திருக்க வேண்டும் என்று எந்தப் பட்ஜெட்டில் யார் கேட்டோம்? நானும் கேட்கவில்லை. இரண்டாவது பாலம் 2014 மார்ச்சில் திறந்தபோது 24 கிலோமீட்டர், 4.5 பில்லியன் வெள்ளி என்று பக்கம் பக்கமாக எழுதினேன். படகு கிழடாகிக்கொண்டிருப்பதைப் பற்றி ஒரு பெட்டிச் செய்திகூட இல்லை.

பராமரிப்புக் காசு பெரும்பாலும் நிர்வாகச் செலவில் இருக்கும். மேம்பாட்டை மட்டும் புகழ்ந்து 'நிர்வாகச் செலவு வீண்' என்று எழுதுபவர்கள், புது லிஃப்டைக் கைதட்டி வரவேற்றுவிட்டு அதற்கு எண்ணெய் போடும் ஆளை வேலையிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள்.

ரயில் லாபம் தருகிறதா?

இல்லை. மாதம் 50 வெள்ளி அட்டையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். அதில் எங்கிருந்து லாபம் வரும்? கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கத்தைப் பாருங்கள். 9.7 கிலோமீட்டர், 2007இல் திறந்தது, ஏறக்குறைய 1.9 பில்லியன் வெள்ளி. கார் ஓடும் பகுதியின் டோல் வசூலை மட்டும் கணக்குப் போட்டால் நஷ்டக் கதை போலத் தெரியும். பெருமழை வந்தால் சாலையை மூடிவிட்டு ஆற்று வெள்ளத்தை அதற்குள் விடுவார்கள். மஸ்ஜித் ஜாமெக் பக்கத்துக் கடைகளில் தண்ணீர் ஏறாத நாளுக்கு யார் ரசீது போடுவது?

'நமக்கு எவ்வளவு?'

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தமிழ்ப் பத்திரிகைகளில் பட்ஜெட் செய்தி என்றால் இந்தியர்களுக்கு எவ்வளவு என்பதுதான் தலைப்பு. நானும் இருபது தடவையாவது அந்தத் தலைப்பைப் போட்டிருப்பேன். இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவுக்குப் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 100 மில்லியன், அதாவது பத்துக் கோடி வெள்ளி ஒதுக்கி வருகிறார்கள். 419.2 பில்லியனோடு வைத்துப் பார்த்தால் ஆயிரம் வெள்ளியில் 24 காசு. அந்த 24 காசு எப்படிப் போகிறது என்று கேட்பது சரிதான், கேட்க வேண்டும். ஆனால் மீதி 999 வெள்ளி 76 காசு எங்கே போகிறது என்று நம் பக்கங்களில் ஒரு வரி இருக்காது.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் முதல் மாடி வரைக்கும் வந்தபோது நம் ஆட்கள் எத்தனை பேர் கூரையில் நின்றார்கள்! வெள்ளத் தடுப்புத் திட்டங்கள் அதே கணக்குப் புத்தகத்தின் மேம்பாட்டுப் பகுதியில்தான் இருக்கின்றன. எந்த ஆற்றுக்கு எவ்வளவு, இந்த வருஷத்துக்கு எவ்வளவு, எந்தத் திட்டத்துக்கு எதிரே வெறும் 10 வெள்ளி நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு தமிழ் நிருபர் வேண்டும். காலை ஆறு மணிக்குப் பேருந்துக்கு நிற்பவர்களில், அரசாங்க மருத்துவமனையில் எண் எடுத்துக் காத்திருப்பவர்களில் நாம் கணிசமாக இருக்கிறோம். அந்தக் கணக்கெல்லாம் 'பொது' என்ற தலைப்பில் இருப்பதால் நமக்கு இல்லை என்று ஆகிவிடுமா?

தமிழ்ப்பள்ளி ஒதுக்கீட்டைப் பற்றி எழுதும்போதும் ஒன்று பாருங்கள். பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில்? நிலம் தோட்டத்தின் பெயரிலோ தனியார் பெயரிலோ இருந்து, பகுதி உதவி பெறும் பள்ளியாக இருந்தால், புதுக் கட்டடம் என்ற பேச்சு எடுத்ததுமே பள்ளி வாரியத்தின் தலையில் பாரம் ஏறும். நிலத்தைக் கேட்காமல் 'இத்தனை மில்லியன்' என்று எழுதினால் வாரியத் தலைவரிடம் ஊரே கணக்குக் கேட்கும். வராத காசுக்கு அவர் என்ன கணக்குக் காட்டுவார்?

ஒதுக்கியதும் செலவழித்ததும்

வேறு வேறு. அக்டோபரில் கைதட்டியவர்கள் அடுத்த ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும் திறக்க வேண்டும்.

பிழைதிருத்தம் போடாதது

ஐந்து நிலையங்கள் நீக்கப்பட்ட செய்தி 2018 ஜூலையில் எங்கள் பத்திரிகையிலும் வந்தது. நான்தான் எழுதினேன். எட்டாம் பக்கம், இரண்டு பத்தி. 'முன்பு நாங்கள் வெளியிட்ட நிலையப் பட்டியலில் இவை இனி இல்லை' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தேன். அன்று இடமில்லை, மறுநாள் வேறு செய்தி வந்துவிட்டது. மாமா எங்கள் பத்திரிகையைத் தினமும் வாங்குபவர்தான். முதல் பக்கமும் விளையாட்டும் பார்ப்பார். நிலையம் போன சேதியை அவருக்குச் சொன்னது, கடைக்கு வாழையிலை கொண்டுவந்து போடும் பையன்.